கிழக்கு மாகாண சபை: 37 ஆசனம், ஐந்து அமைச்சர்கள், 19 யாரிடம்?

வாகரைவாசி எழுதியது:

மாகாண சபைத் தேர்தல் வரும் வரும் என்று மறுபடி பேச்சு அடிபடுகிறது. உடனே எங்கள் பக்கம் "முதலமைச்சர் தமிழரா, முஸ்லிமா" என்ற சண்டையும் தொடங்கிவிட்டது. அந்தச் சண்டைக்குள் இறங்குவதற்கு முன் 2012ஐ நிதானமாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2012 செப்டெம்பர் 8, கிழக்கு மாகாண சபைத் தேர்தல். அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, அதற்கு மேல் போனஸ் 2, ஆக மொத்தம் 37 ஆசனங்கள். அப்போது கொழும்பில் ஆட்சியில் இருந்த ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழரசுக் கட்சிக்கு (தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அதன் பெயரில்தான் போட்டியிட்டது) 11, முஸ்லிம் காங்கிரசுக்கு (மு.கா.) 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு (ஐ.தே.க.) 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. ஆட்சி அமைக்க 19 வேண்டும். எவரிடமும் அது இல்லை.

இப்போது வாக்குகளைப் பாருங்கள். சுதந்திரக் கூட்டமைப்புக்கு 200,044. தமிழரசுக்கு 193,827. வித்தியாசம் 6,217. மாகாணம் முழுவதிலும் முதலாவதாக வருகிற கட்சிக்குத்தான் அந்த இரண்டு போனஸ் ஆசனங்களும் போகும். போனஸ் என்ற ஒன்றே இல்லாதிருந்தால் சபை 35 பேருடையது, பெரும்பான்மை 18. தமிழரசின் 11, மு.கா.வின் 7, கூட்டினால் சரியாக 18. போனஸ் வந்து சபையை 37 ஆக்கியதால் அதே 18 ஒன்று குறைந்து நின்றது. அந்த 6,217 மறுபக்கம் விழுந்திருந்தால் தமிழரசு 13, மு.கா. 7, மொத்தம் 20.

முதலமைச்சர் பதவியை மு.கா.வுக்கே விட்டுத்தரத் தயார் என்று தமிழ்க் கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் ஐயா வெளிப்படையாகவே சொன்னார். மு.கா. சுதந்திரக் கூட்டமைப்புடன் போனது. நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார். 2015 பெப்ரவரியில், ஒரு தேர்தலும் நடக்காமல், அதே சபையில் மு.கா.வின் ஹாபிஸ் நஸீர் அஹமட் முதலமைச்சரானார். அப்புறம் தமிழ்க் கூட்டமைப்பும் உள்ளே வந்து கல்வியையும் விவசாயத்தையும் எடுத்துக்கொண்டது. 2015இல் முடிந்த காரியம் 2012இல் ஏன் முடியவில்லை?

என் நிலைப்பாடு இதுதான்: தேர்தலுக்கு முன்பே தமிழ், முஸ்லிம் கட்சிகள் உட்கார்ந்து, முதலமைச்சர் பதவியோடு சேர்த்து ஐந்து அமைச்சையும் எப்படிப் பகிர்வது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


கல்முனைக்கரை எழுதியது:

வாகரைத் தம்பி, கணக்கு சரி. ஆனால் "மு.கா. போனது" என்று ஒரே வரியில் கடந்து போகிறீர்கள். அங்கேதான் விசயமே இருக்கிறது.

அந்த நேரத்தில் கொழும்பில் யார் இருந்தார்கள் என்று யோசியுங்கள். யுத்தம் முடிந்து மூன்று வருடம். மத்தியில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை உள்ள அரசாங்கம். மு.கா. தலைவர் ஹக்கீம் அதே அரசாங்கத்தில் நீதி அமைச்சர். கிழக்கில் எதிரணியுடன் சேர்ந்தால் கொழும்பு அமைச்சுப் பதவியை விட்டுவிட்டு வர வேண்டும். வந்தாலும் 18தான். ஐ.தே.க.வின் நாலு பேரையும் சேர்த்தால் 22, சரி. ஆனால் அந்த 22இல் எத்தனை பேரை இரவோடு இரவாகப் பறித்திருப்பார்கள்? நாலு பேர் போனால் ஆட்சி கவிழும். நாடாளுமன்றத்திலேயே ஆட்களை வரிசையாக அந்தப் பக்கம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

எங்கள் ஊரில் அப்போது பலருக்கு மு.கா. மேல் கோபம் இருந்தது, மறைக்கத் தேவையில்லை. தேர்தல் மேடையில் அரசாங்கத்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசி வாக்குக் கேட்டார்கள். பத்து நாளில் அதே அரசாங்கத்துக்குக் கை கொடுத்தார்கள். அந்தக் கோபம் நியாயம். ஆனாலும் 2012இல் எதிரணி ஆட்சி அமைத்திருந்தால் அது ஒரு வரவு செலவுத் திட்டத்தைக் கூட நிம்மதியாக நிறைவேற்றியிருக்காது என்பது என் எண்ணம்.

2015இல் மாறியது சபை அல்ல. கொழும்பு மாறியது. ஜனவரியில் ஜனாதிபதி மாறினார், பெப்ரவரியில் கிழக்கில் முதலமைச்சர் மாறினார். இவ்வளவுதான்.


காரைதீவுப் பொடியன் எழுதியது:

இரண்டு பேருமே ஐந்து அமைச்சைப் பற்றிப் பேசுகிறீர்கள். அம்பாறை மாவட்டத் தமிழர் நாங்கள் 2012இல் இரண்டு பேரைத் தெரிவு செய்து அனுப்பினோம். 2015இல் தமிழ்க் கூட்டமைப்புக்குக் கிடைத்த இரண்டு அமைச்சுகளில் ஒன்று திருகோணமலைக்கு (தண்டாயுதபாணி சேர்), மற்றது மட்டக்களப்புக்கு (துரைராஜசிங்கம் ஐயா). இருவரும் தகுதியானவர்கள்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்கள் மாவட்டத்துக்கு என்ன மிஞ்சியது?

கல்முனை வடக்கு உப செயலகத்தை முழுமையான பிரதேச செயலகமாக்கத் தமிழர் கேட்க, முஸ்லிம் தரப்பு எதிர்க்கிற பிரச்சினை முப்பது வருடத்துக்கு மேலாக இழுபடுகிறது. தமிழ், முஸ்லிம் கட்சிகள் ஒரே அமைச்சர் வாரியத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டரை வருடத்தில்கூட அதைப் பற்றி ஒரு பொதுவான முடிவுக்கு வரவில்லை. பிரதேச செயலகம் மத்திய அரசின் அதிகாரம், மாகாண சபையால் தர முடியாது என்பார்கள். தெரியும். ஒன்றாக இருந்து "எங்கள் இருவரின் நிலைப்பாடு இது" என்று கொழும்புக்கு ஒரு கடிதமாவது அனுப்பியிருக்கலாமே.

ஆகவே வாகரை அண்ணா, கதிரையை மட்டும் எழுதி வைக்கிற ஒப்பந்தம் என்றால் அதில் எங்கள் ஊருக்கு எதுவும் இல்லை.


மூதூர் டீச்சர் எழுதியது:

கல்வி அமைச்சைப் பற்றி வந்ததால் நானும் எழுதுகிறேன்.

நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு முகம் கொடுத்தார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் காலையில் பெற்றோர் வாயிற்கதவைப் பூட்டிவிட்டு வெளியே இருந்துவிட்டார்கள். அநேகம் தாய்மார். சிலர் கைக்குழந்தையோடு. கல்வி வலய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். "ஆளணி எங்கள் கையில் இல்லை, மாகாணத்தில் கேளுங்கள்" என்றார். மாகாணத்துக்குப் போனவர்களிடம் "புதிய நியமனத்துக்கு ஆளுநர் அனுமதி வேண்டும், திறைசேரி காசு ஒதுக்க வேண்டும்" என்று சொல்லப்பட்டது. இத்தனைக்கும் மாகாணத்தில் தெரிவு செய்யப்பட்ட கல்வி அமைச்சர் இருந்த காலம் அது. ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "அப்ப டீச்சர், நாங்க வோட்டுப் போட்ட ஆள் இதில எங்க இருக்கார்?" அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

அதே பட்டினத்தில் இன்னொரு பாடசாலை தேசிய பாடசாலை. அது நேரடியாகக் கொழும்பு அமைச்சின் கீழ். நல்ல ஆசிரியர்கள் அங்கே போக விரும்புவார்கள், அதைத் தடுக்க மாகாண அமைச்சருக்கு வழியில்லை. மாகாணப் பாடசாலைகளைத் தேசிய பாடசாலை ஆக்குகிறோம் என்று மத்தி அறிவிக்கும்போதெல்லாம் எங்கள் சனமே சந்தோசப்படுகிறது. மாகாணத்திடமிருந்து ஒரு பாடசாலை பறிபோகிறது என்று யாரும் நினைப்பதில்லை. மாகாணம் எதையும் செய்து காட்டாத இடத்தில் சனத்தைக் குறை சொல்லவும் முடியாது.

அந்தப் பாடசாலைக்குக் கடைசியில் ஆசிரியர் வந்தார். வந்த வருடமே இடமாற்றமும் எடுத்துக்கொண்டு போனார்.


பழைய கோப்பு எழுதியது:

பிள்ளைகள், நான் மாகாண நிர்வாகத்தில் எழுதுவினைஞராகத் தொடங்கி ஓய்வு பெற்றவன். டீச்சர் சொன்ன அந்தத் தாயின் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அது நல்ல பதில் இல்லை என்பதுதான் கவலை.

மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் 154F என்ற உறுப்புரையை எடுத்துப் படியுங்கள். முதலமைச்சரும், நாலு பேருக்கு மேற்படாத அமைச்சர்களும் கொண்ட ஒரு வாரியம். எந்த மாகாணமானாலும் ஐந்துதான். அந்த வாரியம் சபைக்குக் கூட்டாகப் பொறுப்புச் சொல்ல வேண்டும். சரி. இப்போது முதலமைச்சரை யார் நியமிப்பது? ஆளுநர். சபையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே கட்சிக்காரர் என்றால் அந்தக் கட்சித் தலைவரை அவர் நியமித்தே ஆக வேண்டும். அப்படி ஒரு கட்சி இல்லாவிட்டால்? பெரும்பான்மையின் ஆதரவைப் பெறக்கூடியவர் யார் என்று ஆளுநர் கருதுகிறாரோ அவர். இந்த "கருதுகிறாரோ" என்ற இடத்தில்தான் கிழக்கு மாகாணம் வந்து விழுகிறது. தொங்கு சபை வந்தால் முதல் சாவி ஆளுநர் கையில். ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி. 2012இல் கல்முனைக்கரைத் தம்பி சொன்ன பயத்துக்குச் சட்டத்திலும் இடம் இருந்தது என்கிறேன்.

அடுத்தது பணம். நிதி சம்பந்தப்பட்ட எந்த நியதிச்சட்டமும் (மாகாண சபை இயற்றும் சட்டம்) ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் சபைக்கு வராது. அடுத்தது ஆட்கள். மாகாண அரச உத்தியோகத்தரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டப்படி ஆளுநரிடம். அவர் அதை மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கலாம். அந்த ஆணைக்குழுவின் உறுப்பினர்களை நியமிப்பதும் அவர்தான். காணி, பொலிஸ் பற்றி நான் பேசவே வரவில்லை, அவை காகிதத்தை விட்டு வெளியே வரவே இல்லை.

ஒரு கோப்பு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். அமைச்சர் மேசையில் பச்சை மையில் ஒரு குறிப்பு விழும். அமைச்சின் செயலாளர் அதன் கீழே "நிதிப் பிரமாணத்துக்கு அமைய பரிசீலிக்கவும்" என்று எழுதுவார். பிரதம செயலாளர் அலுவலகத்துக்குப் போகும். பிரதம செயலாளரையும் ஜனாதிபதிதான் நியமிக்கிறார், முதலமைச்சரின் இணக்கத்தோடு. அங்கிருந்து ஆளுநர் செயலகம். அமைச்சரும் ஆளுநரும் ஒரு மனதாக இருந்தால் கோப்பு ஒரு வாரத்தில் திரும்பி வரும். இல்லாவிட்டால் ஒரு கேள்வியோடு திரும்பி வரும், பதிலோடு மேலே போகும், இன்னொரு கேள்வியோடு திரும்பும். யாரும் "முடியாது" என்று எழுத மாட்டார்கள். ஆண்டு முடியும், ஒதுக்கிய காசு திறைசேரிக்குத் திரும்பிவிடும்.

19 பேர் சேர்ந்தாலும் 37 பேரும் சேர்ந்தாலும் இந்தப் பாதை ஒன்றுதான்.


வடமராட்சி எழுதியது:

ஐயா சொன்ன கடைசி வரிக்கு வடக்கு சாட்சி. 2013 வடமாகாண சபைத் தேர்தலில் எங்கள் தமிழ்க் கூட்டமைப்புக்கு 38இல் 30. அதைவிடப் பெரிய பெரும்பான்மை வேண்டுமா? முதலமைச்சர் நிதியம் என்ற ஒரு சாதாரண நியதிச்சட்டத்துக்குக்கூட அங்கீகாரம் எடுக்க முடியவில்லை.

சரி, அது கொழும்பின் தடை. எங்கள் தவறையும் பேச வேண்டும். 2017 யூனில் முதலமைச்சர் விக்னேஸ்வரன் விசாரணைக் குழுவின் அறிக்கையை வைத்து இரண்டு அமைச்சர்களைப் பதவி விலகச் சொன்னார், மற்ற இருவரையும் விடுமுறையில் போகச் சொன்னார். சொந்தக் கட்சிக்காரரே அவருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையை ஆளுநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். யாரோடு சண்டை பிடிக்கவென்று மாகாண சபை கேட்டோமோ, அந்த ஆளுநரின் வாசலிலேயே போய் நின்றோம். அப்புறம் நீக்கப்பட்ட அமைச்சர் டெனிஸ்வரன் நீதிமன்றம் போனார். 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சார்பாக இடைக்கால உத்தரவு கொடுத்தது. அதன்பின் அமைச்சர் வாரியத்தில் ஐந்து பேரா ஆறு பேரா என்று தெரியாமல், வாரியம் கூடவே முடியாமல் கடைசி மாதங்கள் கழிந்தன.

இதனால்தான் ஒரு விசயத்தில் உங்களைப் பார்த்துப் பொறாமை. கிழக்கில் மெல்லிய பெரும்பான்மை என்பதால் நீங்கள் ஒருவரோடு ஒருவர் பேசியே ஆக வேண்டும். எங்களுக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை, ஆகவே நாங்கள் எங்களுக்குள்ளேயே பேசவில்லை.


கந்தளாய்ச் சந்தி எழுதியது:

சுருக்கமாக ஒன்று. 2012 குடிசன மதிப்பீட்டில் கிழக்கில் தமிழர் ஏறத்தாழ 40 வீதம், முஸ்லிம்கள் 37, சிங்களவர் 23. இங்கே எல்லோரும் "தமிழ், முஸ்லிம் ஒப்பந்தம்" என்றே எழுதுகிறீர்கள். நான் கடை வைத்திருக்கிற சந்தியில் என் பக்கத்துக் கடைக்காரர் சிங்களவர். அவர் பிள்ளை போகிற பாடசாலையும் மாகாணப் பாடசாலைதான், அங்கேயும் ஆசிரியர் குறைவுதான். 2015 வாரியத்தில் ஆரியவதி கலப்பத்தி அமைச்சராக இருந்தார். அது நல்ல முன்மாதிரி. மூன்று சமூகங்களில் ஒன்றை வெளியே விட்டு எழுதுகிற எந்த ஒப்பந்தமும் அடுத்த ஆளுநருக்கு நல்ல ஆயுதமாகிவிடும்.


கல்முனைக்கரை எழுதியது:

சந்தியார் சொன்னதோடு உடன்படுகிறேன்.

2008ஐயும் ஞாபகப்படுத்த வேண்டும். அப்போது சுதந்திரக் கூட்டமைப்புக்கு 37இல் 20. தமிழ்க் கூட்டமைப்பு போட்டியிடவே இல்லை. முதலமைச்சர் சந்திரகாந்தனா ஹிஸ்புல்லாஹ்வா என்று ஒரே அணிக்குள்ளேயே இழுபறி. சந்திரகாந்தன் முதலமைச்சர், ஹிஸ்புல்லாஹ் அமைச்சர் என்று முடிந்தது. அந்த ஹிஸ்புல்லாஹ் 2019இல் சில மாதம் இதே மாகாணத்தின் ஆளுநராகவும் இருந்தார். ஒரே மனிதர் தெரிவு செய்யப்பட்ட அமைச்சராக இருந்தபோது பெற்ற அதிகாரத்தையும், நியமிக்கப்பட்ட ஆளுநராக இருந்தபோது பெற்ற அதிகாரத்தையும் ஒப்பிட்டால் 13ஆவது திருத்தத்தைப் பற்றி வேறு பாடம் தேவையில்லை.

வறுமை ஒழிப்பு, வாழ்வாதார வேலைகளை மத்தியின் ஒரே திணைக்களத்தின் கீழ் கொண்டுவந்த திவிநெகும சட்டமூலத்தையும் யாரும் எழுதவில்லை. மாகாண சபைகளின் அதிகாரத்துக்குள் வருகிற விசயம், ஆகவே அவற்றிடம் கேட்க வேண்டும் என்று 2012இல் உயர் நீதிமன்றமே சொன்னது. கிழக்கு சபை கையைத் தூக்கிச் சம்மதம் கொடுத்தது. தன்னிடமிருந்து எடுக்கப்படும் அதிகாரத்துக்குத் தானே கொடுத்த சம்மதம். எங்கள் மு.கா. கட்சிக்காரரும் அதில் இருந்தார்கள். 2012 கூட்டு தந்த விலை அது. யார் முதலமைச்சர் என்பதைவிட அந்த வாக்கெடுப்புத்தான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.


கார்டிஃப் தங்கராசா எழுதியது:

வணக்கம். பிறந்தது ஏறாவூருக்குப் பக்கம், இப்போது இருப்பது வேல்சில். இங்கே நடந்த ஒன்று உங்களுக்குப் பயன்படலாம்.

வேல்ஸ் நாடாளுமன்றத்தில் 2021 தேர்தலில் தொழிற்கட்சிக்கு 60இல் 30 கிடைத்தது. சரிபாதி. ஒருவர் சுகமில்லாமல் வராவிட்டாலும் வாக்கெடுப்பில் தோற்கலாம். அவர்கள் வேல்சின் தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரியுடன் மூன்று வருட ஒத்துழைப்பு உடன்படிக்கை எழுதினார்கள். 46 விடயங்கள். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச உணவு, இரண்டாம் வீடுகளுக்குக் கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றாக எழுதி வெளியிட்டார்கள். பிளைட் கம்ரி ஓர் அமைச்சுப் பதவியும் எடுக்கவில்லை. 2024 மே மாதம் பிளைட் கம்ரி விலகிக்கொண்டது. அடுத்த மாதமே முதலமைச்சர் வோன் கெதிங் நம்பிக்கை வாக்கெடுப்பில் 29க்கு 27 என்று தோற்றார். அவர் கட்சிக்காரர் இருவர் அன்று வாக்களிக்கவில்லை. யூலையில் நாலு அமைச்சர்கள் ஒரே நாளில் விலக, அவரும் போனார்.

கூட்டு உடைந்தது உண்மை. ஆனால் பிள்ளைகளின் சாப்பாடு நிற்கவில்லை. எழுதி வைத்த காரியம் ஆட்களை விட அதிக காலம் நின்றது. நம்மவர்கள் கதிரைக்கு மட்டும் ஒப்பந்தம் எழுதுவதால் கதிரை ஆடியதும் எல்லாம் போய்விடுகிறது. வேல்சுக்குக் கிடைத்த அதிகாரமும் பணமும் கிழக்குக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் எழுதுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.


வாகரைவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தங்கராசா அண்ணா, டீச்சர், தம்பி காரைதீவு மூவரும் சொன்னதை ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன்.

ஐந்து அமைச்சையும் பகிர வேண்டும் என்பதில் நான் இன்னும் நிற்கிறேன். மூன்று மாவட்டமும் மூன்று சமூகமும் வாரியத்தில் இருக்க வேண்டும், முதலமைச்சர் பதவியைப் பாதிக் காலத்தில் மாற்றுவதென்றால் அதையும் திகதியோடு எழுத வேண்டும். கூடவே இவை வர வேண்டும்: மாகாணத்தின் அதிகாரத்தைக் குறைக்கிற எந்தச் சட்டமூலத்துக்கும் வாரியம் ஒருமித்தே பதில் சொல்லும், தனித்தனியாகக் கை தூக்காது. பின்தங்கிய பாடசாலைக்குப் போகிற ஆசிரியர் குறைந்தது இத்தனை வருடம் அங்கே இருக்க வேண்டும் என்ற விதியை முதல் வருடத்திலேயே கொண்டுவர வேண்டும். எல்லைப் பிரச்சினைகளை, கல்முனை வடக்கு உட்பட, தேர்தல் மேடையில் பேசாமல் இரு பக்கமும் ஏற்கிற ஒரு குழுவிடம் விட வேண்டும்.


காரைதீவுப் பொடியன் எழுதியது:

கடைசி விசயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை அண்ணா. குழுவிடம் விடுவது என்பது எங்களுக்குப் பழகிப்போன முடிவு. காலக்கெடு இல்லாத குழு வேண்டாம். ஆறு மாதம் என்று எழுதுங்கள், அறிக்கையைச் சபையில் வைப்பது கட்டாயம் என்றும் எழுதுங்கள். அப்படியானால் நானும் வீடு வீடாகப் போய் இதைச் சொல்லத் தயார்.


கல்முனைக்கரை எழுதியது:

தம்பி, ஆறு மாதத்துக்கு நானும் சம்மதம். எங்கள் பக்கத்திலும் இதைக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் குழுவில் அரசியல்வாதிகள் மட்டும் இருக்கக் கூடாது. காணி, எல்லை தெரிந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் இரு சமூகத்திலும் இருக்கிறார்கள்.


பழைய கோப்பு எழுதியது:

எழுதுங்கள், நல்லது. அதோடு எந்தச் சட்டத்தின் கீழ் தேர்தல் நடக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கிழக்கு சபை 2017 செப்டெம்பர் 30இல் காலம் முடிந்து கலைந்தது. அதே மாதம் நாடாளுமன்றம் 17ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி, பாதி உறுப்பினரைத் தொகுதி வழியாகவும் பாதியை விகிதாசாரத்திலும் தெரிவு செய்யும் கலப்பு முறையைக் கொண்டுவந்தது. அதற்குத் தொகுதி எல்லை வகுக்க வேண்டும். எல்லை அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது 139 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள், ஆதரவாக ஒருவரும் இல்லை. கொண்டுவந்த அரசாங்கமே எதிர்த்தது. பழைய முறையையும் எடுத்துவிட்டார்கள், புதிய முறைக்கும் எல்லை இல்லை. அந்தப் பொந்துக்குள்தான் ஒன்பது மாகாண சபைகளின் தேர்தலும் விழுந்தது.

பழைய முறையில் நடத்த நாடாளுமன்றம் ஒரு சிறு திருத்தம் செய்தால் போதும். செய்தால் வாகரைத் தம்பி சொன்ன அந்த இரண்டு போனஸ் ஆசனங்களும் திரும்பி வரும். கலப்பு முறை என்றால் தொகுதிக் கோடு எங்கே விழுகிறது என்பதில் மூதூர், கல்முனை, சம்மாந்துறை எல்லாம் தலைகீழாக மாறும். ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: எந்த முறையில் தேர்தல் வேண்டும் என்பதை மூன்று சமூகக் கட்சிகளும் கூட்டாக இப்போதே நாடாளுமன்றத்திடம் கேட்க வேண்டும், போனஸ் வேண்டுமா வேண்டாமா என்பது உட்பட. ஒப்பந்தத்தை எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள். உறுப்புரை இலக்கங்களை நான் சரிபார்த்துத் தருகிறேன்.